டியூனிங் பாக்ஸா, ரீமேப்பா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

போன மாசம் இன்பாக்ஸ்ல அதிகமா வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, டீசல் கார் வெச்சிருக்கேன், பிக்அப் பத்தல. ஆன்லைன்ல டியூனிங் பாக்ஸ் கிடைக்குது, நானே மாட்டிக்கலாம். ரீமேப்னா அதை விட செலவு. எதுக்குப் போகலாம்?"

இதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. நான் பாக்ஸ் வாங்கி மாட்டினவன்.

அப்பாவோட கார் 2014 ஸ்விஃப்ட் டீசல். ஃபியட்டோட 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின், 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். மாருதி, டாடான்னு பல கம்பெனி கார்கள்ல இதே என்ஜின் ஓடினதால "நேஷனல் என்ஜின்"னு பட்டப்பேரே உண்டு. 1,10,000 கிலோமீட்டர் ஓடின வண்டி. ஏத்தத்துல இழுவை கம்மியாயிடுச்சுன்னு அப்பா சொல்லிட்டே இருந்தார். நான்தான் இன்ஜினியராச்சே, சும்மா இருப்பேனா? பாக்ஸ் ஆர்டர் போட்டுட்டேன்.

பாக்ஸ் என்ன பண்ணுது?

காமன் ரெயில் டீசல் என்ஜின்ல பம்ப் டீசலை ஒரு குழாய்க்குள்ள பயங்கர அழுத்தத்துல தேக்கி வைக்கும். நம்ம கார் டயர்ல இருக்கறது சுமார் 2 பார். இங்க ஆயிரம் பாரைத் தாண்டிப் போகும். அதை ஒரு சென்சார் அளந்து, 5 வோல்ட்டுக்குள்ள ஒரு சிக்னலா ஈசியூவுக்கு, அதாவது என்ஜினோட கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

பாக்ஸ் அந்த சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உக்காந்துக்கும். நம்ம பாஷைல சொன்னா, மேன் இன் த மிடில் அட்டாக். ஈசியூ 1,300 பார் கேக்குதுன்னு வைங்க. உண்மையா 1,300 வந்தாலும் பாக்ஸ் "1,180தான் இருக்கு"ன்னு பொய் சொல்லும். ஈசியூ பம்பை இன்னும் விரட்டும். அது 1,300ன்னு நம்பும்போது நிஜ அழுத்தம் 1,430 பக்கம் இருக்கும். இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறக்குது, ஆனா அதிக டீசல் உள்ள போகுது.

எவ்வளவு அதிகம்? இன்ஜெக்டர் வழியா போற அளவு அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் அழுத்தம் ஏத்தினா டீசல் 5 சதவீதம் பக்கம்தான் கூடும். ஆனா பம்பும் இன்ஜெக்டரும் அந்த 10 சதவீத பாரத்தை முழுசா சுமக்கணும்.

இதுல இன்னொரு விஷயம். டேஷ்போர்டுல வர்ற மைலேஜ் எண், ஈசியூ தான் எவ்வளவு டீசல் விட்டதா நினைக்குதோ, அதை வெச்சுப் போடற கணக்கு. ஈசியூவையே ஏமாத்திட்டோம், அப்போ அந்தக் கணக்கும் தப்பு. பாக்ஸ் போட்டதும் டிஸ்ப்ளேல மைலேஜ் ஏறிடுச்சுன்னு நான் குதிச்சேன். அப்பா ஒவ்வொரு தடவை டேங்க் ரொப்பும்போதும் நோட்டுல எழுதி வைக்கறவர். "உன் ஸ்கிரீன் ஏறுது கண்ணு, என் நோட்டு இறங்குது"ன்னார். நான் காதுல போட்டுக்கல.

தொப்பூர்ல நடந்தது

சேலத்துலேருந்து பெங்களூருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேரும் வண்டில. தொப்பூர் கணவாய் ஏத்தம். லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சேன். பின்னாடி கரும்புகை, அடுத்த நொடி என்ஜின் லைட் எரியுது, வண்டி செத்துப்போச்சு. அதாவது லிம்ப் மோடு: ஏதோ தப்புன்னு ஈசியூவே பவரைக் குறைச்சுடும். பக்கத்துல லாரி, பின்னாடி பஸ், நாம வலது பக்க லேன்ல. அம்மா என் தோளைப் பிடிச்சுட்டாங்க. பஸ் டிரைவர் வேகத்தைக் குறைச்சதால ஓரம் கட்ட முடிஞ்சது.

அப்புறம் ஸ்கேன் பண்ணிப் பார்த்தா கோடு பி0191: ரெயில் பிரஷர் சென்சார் சிக்னல் நம்பும்படி இல்லை. பம்பை இவ்வளவு விரட்டறேன், அழுத்தம் ஏன் இவ்வளவுதான் காட்டுதுன்னு ஈசியூவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. சந்தேகம் சரிதானே!

ரீமேப் எப்படி வேற?

ரீமேப்ல பொய் கிடையாது. ஈசியூல இருக்கற ஃபைலைப் படிச்சு, அதுக்குள்ள இருக்கற டேபிள்களை மாத்தி, திரும்ப எழுதறாங்க. டீசல் அளவு, பூஸ்ட், இன்ஜெக்ஷன் நேரம், டார்க் வரம்பு, புகை வரம்பு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தற மாதிரி மாத்தலாம். பாக்ஸால புகை வரம்பைத் தொடவே முடியாது, சைடுல தாண்டிக் குதிக்கத்தான் முடியும்.

அதுக்காக ரீமேப்னாலே நல்லதுன்னு இல்ல. எங்கேயோ கிடைச்ச ஃபைலைப் பத்து நிமிஷத்துல ஏத்திட்டு அனுப்பறவங்களும் உண்டு. "இதே என்ஜின் வேற மாடல்ல 90 பிஎஸ் வருதே, உங்களுதும் வரும்"னு சொன்னா உஷாரா இருங்க. அந்த 90 பிஎஸ் வெர்ஷன்ல டர்போவே வேற, வேரியபிள் ஜியாமெட்ரி. எங்க வண்டில இருக்கறது சின்ன ஃபிக்ஸட் டர்போ. சாஃப்ட்வேர் எழுதினா ஹார்ட்வேர் மாறிடாது.

நான் போன டியூனர் அண்ணா முதல்ல பாக்ஸைக் கழட்டச் சொன்னார். லேப்டாப்பை மாட்டி, மூணாவது கியர்ல முழுசா மிதிக்கச் சொல்லி லாக் எடுத்தார். வர வேண்டிய பூஸ்ட்டை விட கிட்டத்தட்ட 0.3 பார் கம்மி. "தம்பி, இதுக்கு ஃபைல் எழுத மாட்டேன். எங்கேயோ காத்து லீக் ஆகுது"ன்னார். இன்டர்கூலர் ஹோஸ்ல கீறல். அதனாலதான் இழுவை போச்சு. காத்து பத்தாத என்ஜினுக்கு நான் பாக்ஸ் வழியா இன்னும் டீசல் ஊத்திட்டு இருந்திருக்கேன். கரும்புகை வராம என்ன செய்யும்?

ஹோஸை மாத்தினோம், பழைய இழுவை திரும்ப வந்துடுச்சு. ரீமேப் பண்ணல.

அப்போ நீங்க?

முதல்ல வண்டி ஆரோக்கியமா இருக்கான்னு பாருங்க: ஏர் ஃபில்டர், ஹோஸ், இன்ஜெக்டர், கிளட்ச். கிளட்ச் ஏற்கெனவே ஸ்லிப் ஆகுதுன்னா டார்க் ஏத்தினதும் மொத்தமா போயிடும்.

அதுக்கப்புறமும் பவர் வேணும்னா, என் ஓட்டு ரீமேப்புக்குத்தான். ஆனா மூணு கேள்வி கேளுங்க. முன்னாடியும் பின்னாடியும் லாக் எடுப்பீங்களா? என்னோட ஒரிஜினல் ஃபைலை எனக்குக் குடுப்பீங்களா? எந்த வரம்பை எவ்வளவு மாத்தறீங்க, ஏன்? மழுப்பினா கிளம்பி வந்துடுங்க.

"பாக்ஸைக் கழட்டிட்டா சர்வீஸ் சென்டருக்குத் தெரியாது"ன்னு விக்கறாங்க. பாக்ஸ் போயிடும், தேய்ஞ்ச பம்ப் அங்கேயேதான் இருக்கும். வாரன்ட்டி இருக்கற வண்டின்னா ரெண்டுமே ரிஸ்க். ஓபிடி போர்ட்ல சொருகற மலிவான "சிப்" பல, உள்ள லைட்டை மினுக்கறதைத் தவிர எதுவும் பண்றதில்லை. சட்டமும் இருக்கு: ஆர்சி விவரம் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன்லேருந்து மாறற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆம் பிரிவு சொல்லுது. 2019 திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டுமே போடலாம்.

பாக்ஸ் இன்னும் என் அலமாரிலதான் இருக்கு. வித்துடலாம்னு ஒரு தடவை போட்டோ கூட எடுத்தேன். வாங்கறவர் வண்டில யார் உக்காருவாங்களோன்னு தோணிச்சு, விட்டுட்டேன்.

உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.