கத்தரிக்கோலில் வரும் எமன்!

அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் வேலிபோல் கத்தரித்து விடும் அழகுச் செடி 'பாக்ஸ்வுட்'. மெதுவாக வளரும். நாற்றுப் பண்ணைக்காரர் பல ஆண்டுகள் காத்திருந்துதான் அதை விற்க முடியும்.

2011-ல் வட கரோலினாவிலும் கனெக்டிகட்டிலும் இச்செடியில் ஒரு புது நோய் தென்பட்டது. இலையில் பழுப்புப் புள்ளி. தண்டில் கறுப்புக் கோடு. பிறகு இலைகள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்!

காரணம் ஒரு பூசணம். அதன் வித்துக்கள் பசைபோல் ஒட்டுபவை. கத்தரிக்கோல், செருப்பு, சட்டை எல்லாமே அவற்றுக்கு வாகனம்! மருந்து தெளித்தால் நோய் வராமல் தடுக்கலாம். வந்ததைக் குணமாக்க முடியாது.

இங்கேதான் பல்கலைக்கழக விரிவாக்க நிபுணர்கள் கைகொடுக்கிறார்கள். 1914-ம் ஆண்டு ஸ்மித்-லீவர் சட்டத்தால் நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. சந்தேகமான கிளையை அனுப்பினால், பல்கலைக்கழகச் சோதனைக்கூடம் ஆராய்ந்து சொல்லும்.

நிபுணர்களின் யோசனைகள் எளியவை. புதுச் செடிகளைச் சில வாரம் தனியே வையுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது கத்தரிக்காதீர்கள். கருவிகளைக் கிருமிநாசினியால் துடையுங்கள். சருகை அகற்றுங்கள், அதில் பூசணம் ஐந்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும்!

நோய் உறுதியானால், தாக்கிய செடிகளை அழிக்க வேண்டியதுதான். பண்ணைக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மறைத்து விற்றால், வாங்கியவர் தோட்டமும் பாழ்; விற்றவர் பெயரும் பாழ்!