ஒரு "ம்" போதும், பிணக்கு வர!

ஃப்ரெண்ட்கிட்ட ஆசையா ஒரு விஷயம் சொல்றோம். அவன் போனைப் பார்த்துக்கிட்டே "ம்" என்கிறான். அவ்வளவுதான், நம்ம வாயிலிருந்து சுள்ளுன்னு ஏதோ வந்துவிடும். மறுநாள் கிளாஸில் ஆளுக்கொரு பெஞ்ச். இதற்குத் தமிழில் அழகான ஒரு வார்த்தை இருக்கு: பிணக்கு. அதை எப்படித் தீர்ப்பது என்று நம்ம மதுரையிலேயே ஒரு கதையும் இருக்கு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 திருவிளையாடல்கள். 52-வது, சினிமா புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த தருமி கதை. 56-வது, 'இடைக்காடன் பிணக்குத் தீர்த்த படலம்'.

புலவர் இடைக்காடர், குலேச பாண்டியன் முன்னால் தன் பாட்டைப் பாடுகிறார். ராஜாவும் நன்றாகத் தமிழ் படித்தவன்தான். ஆனாலும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை, தலைகூட அசைக்கவில்லை. கவனிங்க, அவன் திட்டவே இல்லை. ஒருத்தரை அலட்சியப்படுத்த வார்த்தையே தேவையில்லை.

இடைக்காடர் நேராகக் கோயிலுக்குப் போய்ச் சிவனிடம் கோபமாக முறையிட்டுவிட்டு வெளியேறுகிறார். சிவனும் கோயிலை விட்டுக் கிளம்பி, வைகைப் பக்கமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். சிம்மக்கல்லில் இருக்கும் பழைய சொக்கநாதர் கோயிலை அந்த இடம் என்று சொல்வார்கள். மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ரொம்ப தூரம் போவதில்லை. யாராவது தேடி வர மாட்டாங்களா என்றுதான் இருப்பார்கள்.

பாண்டியன் தேடிப் போகிறான். "நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?" என்று வாதாடவில்லை. என்ன தப்பு நடந்தது என்று கேட்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். பிறகு இடைக்காடரை அழைத்து வந்து ஆசனத்தில் உட்கார வைத்து மரியாதை செய்கிறான். எது கிடைக்காமல் அவர் நொந்து போனாரோ, அதையே கொடுக்கிறான். வெறும் "ஸாரி"க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அன்னைக்குக் கேட்காத விஷயத்தை, போனை உள்ளே வைத்துவிட்டு, "இப்ப சொல்லுடா" என்று கேட்பதுதான் உண்மையான ஸாரி.

சரி, சுள்ளென்று பேசினது நாம என்றால்?

அதற்கு ஔவையார் இருக்கிறார். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான் அவருடைய நெருங்கிய நண்பன். ஒருமுறை அவன் பரிசு தரத் தாமதிக்கிறான். புறநானூறு 206-ல் ஔவையார் வாயில்காவலனைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளுகிறார்: உங்க தலைவனுக்கு என்னைத் தெரியாதா, இல்லை தன்னையே தெரியாதா? மூட்டை கட்டியாச்சு, எந்தத் திசைக்குப் போனாலும் எனக்குச் சோறு கிடைக்கும்!

அதே ஔவையாரின் 101-வது பாட்டில் தொனியே வேறு. எத்தனை நாள் போனாலும் அவன் முதல் நாள் போலவே அன்பாக இருப்பான். பரிசு தாமதமாகலாம், ஆனால் யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்துக்கொண்ட கவளம் போல அது தப்பாது என்று தன் நெஞ்சையே சமாதானம் செய்கிறார்.

தாமதம் வேறு, அலட்சியம் வேறு. ப்ளூ டிக் வந்தும் ரிப்ளை வரலைன்னா, அது எதுன்னு நமக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கேட்கும்போது ரெண்டையும் சொல்லணும்: "நீ கவனிக்காதப்ப கஷ்டமா இருந்துச்சு. நான் பேசின விதமும் தப்பு." இதில் "ஸாரி, ஆனா நீ..." என்று ஒரு "ஆனா" நுழைந்தால் போச்சு, ஸாரி கேன்சல்!

ஃபைனல் இயர் முடிந்தால் ஆளுக்கு ஒரு ஊர். இன்னைக்கு அவன் அடுத்த பெஞ்சில்தான் இருக்கிறான், சிம்மக்கல் தூரம்கூட இல்லை. பஸ் ஏறிய பிறகு, தேடிப் போக வேண்டிய தூரம் ரொம்ப அதிகமாகிவிடும்.