இலை ஓரத்துக் கூட்டு

விருந்து இலையில் கூட்டுக்குக் கிடைப்பது ஓரத்தில் ஒரு கரண்டி இடம். வீட்டுத் தட்டிலும் அதே நிலைமைதான். குழம்பு என்ன வைப்பது என்று யோசித்து முடித்த பிறகுதான் கூட்டின் நினைப்பே வரும்; நேரம் இல்லையென்றால் இரண்டு அப்பளம் பொரித்தால் போதும் என்று விட்டுவிடுவோம். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. காயும் பருப்பும் ஒன்றாகச் சேரும் கூட்டு மதியச் சாப்பாட்டின் பிரதானப் பண்டமாகட்டும், சோறு அதற்குத் துணையாக வரட்டும். ருசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாம் பருப்புச் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே பருப்பில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பதால் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்குப் பருப்பும் பயறுமாக 85 கிராம் வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு, அதை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு வருவது பன்னிரண்டரை கிராம் பருப்பு. அதில் புரதம் மூன்று கிராம்கூடத் தேறாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் தேவை. மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பருப்பிலிருந்து வருவதில்லை. அந்த இடத்தைச் சோறும் இட்லியும் தோசையும் நிரப்புகின்றன. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. இந்தியர்களின் சாப்பாட்டில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்று அது காட்டியது. நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் இந்தக் காலத்தில், இந்த இரண்டு எண்களையும் அடுக்களையில் எழுதி ஒட்டலாம்.

சாம்பாரிலேயே பருப்பைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். சாம்பார் சோற்றில் பிசைவதற்கென்றே இருப்பது. கூட ஒரு கரண்டி ஊற்றினால் கூட ஒரு கரண்டி சோறும் உள்ளே போகும், விகிதம் மாறாது. கூட்டு அப்படியல்ல. கெட்டியாக, தன் காலில் தானே நிற்கும் பண்டம். கிண்ணத்தில் எடுத்துக் கரண்டியால் சாப்பிடலாம். 150 கிராம் பாசிப்பருப்பில் நான்கு பேருக்குக் கூட்டு வைத்தால் ஆளுக்கு முப்பத்தேழு கிராம் பருப்பும், ஒன்பது கிராம் அளவு புரதமும் ஒரே வேளையில் கிடைக்கும். கூடவே ஒரு தட்டுக் காயும் வயிற்றுக்குள் போய்விடும். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது, அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தருகிறது. ஆகவே சோற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. பாதியாகக் குறைத்தால் போதும்.

ஆனால் இன்று பல வீடுகளில் கூட்டு என்ற பெயரில் வருவது கூட்டே அல்ல. காயையும் ஒரு பிடிப் பருப்பையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விட்டு, கூழாகி நீர்த்துப்போனதை அரிசி மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். பருப்பு செய்ய வேண்டிய வேலையை மாவிடம் கொடுத்துவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. புடலங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். குடலை வழித்துவிட்டு நறுக்கி, உப்புப் பிசறி மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே முக்கால் பங்கு வெந்துவிடும். ஒரு கை நீர் தெளித்தால் போதும். பருப்பு தனியாக, திறந்த பாத்திரத்தில், மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு எண்ணெயும் சேர்த்து வேகட்டும். இருபது நிமிடத்தில் மலர்ந்துவிடும். ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் அழுத்தினால் மசிய வேண்டும். பாத்திரத்தில் பார்த்தால் பருப்பு பருப்பாகத் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதைக் கலந்து இரண்டு கொதி வந்ததும் இறக்க வேண்டியதுதான். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் சீரக வாசத்தோடு அந்த வாசமும் சேர்ந்து எழும். புளிக்கூட்டு வைப்பவர்கள் காயும் பருப்பும் நன்றாக வெந்த பிறகே புளியை விட வேண்டும். செல்சுவரில் உள்ள பெக்டின் புளிப்பில் கரையாமல் இறுகி நிற்கும். முன்னாலேயே விட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் காய் விறைத்தே இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரும் பருப்புக்கு இதையேதான் செய்கிறது. பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம்.

பருப்பு வாயு என்பது பழைய புகார், அதில் உண்மையும் உண்டு. பருப்பிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. அவை பெருங்குடலில் கிருமிகளால் புளித்து வாயுவாகின்றன. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவற்றில் ஒரு பகுதி போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கி மெல்லக் கூட்டினால் பெரும்பாலான வயிறுகள் பழகிக்கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு விலை. பருப்பு வாங்கக் காசு வேண்டும். சோற்றுக்கு ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2007 முதல் நடக்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் ஒரு கிலோவை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு எட்டுக் கிராம். வேண்டிய 85-ல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவை உயர்த்தக் கேட்பது அரசிடம் வைக்க வேண்டிய நியாயமான கோரிக்கை. அதுவரை, கையிலிருக்கும் பருப்பைத் தினமும் நீர்க்கக் கரைப்பதைவிட வாரத்தில் சில நாள் கெட்டியான கூட்டாக்கி, மற்ற நாளில் ரசமும் மோரும் வைப்பது மேல். துவரம்பருப்பிலும் கூட்டு நன்றாகவே வரும். கத்தரிக்காய்க்குப் பாசிப்பருப்பைவிட அதுதான் பொருத்தம். சுரைக்காய், பூசணி, சௌசௌ, முருங்கைக்கீரை என்று மலிவாகக் கிடைப்பவையே கூட்டுக்கு ஏற்றவையாக இருப்பதும் நல்லதாயிற்று.

பிள்ளைகள் தொடமாட்டார்கள், கூட்டென்றால் பத்தியச் சாப்பாடு என்பார்கள். தாளிப்பில் இரண்டு மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு, சோறு பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், நல்ல பசியில் இருக்கும்போது கிண்ணத்தில் சூடாகக் கொடுத்துப் பார்க்கலாம். மதியம் மிஞ்சினால் ராத்திரிக்குள் இறுகிவிடும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு இளக்கினால் சப்பாத்திக்குத் தனியாகக் குருமா தேவையிருக்காது.