மேசைமேல் ஓர் ஏலூர்: பொம்மைக் கார் ஏன் பூதமாகிறது?

பெரியாற்றின் கைகளுக்கிடையே கிடக்கும் ஏலூர்த் தீவை, 1943-இல் தோன்றிய அதன் உரத் தொழிற்சாலையோடும் லாரிகள் வரிசைகட்டும் சாலையோடும், மாதிரி ரயில் ஓடும் ஒரு மேசையின்மேல் சிருஷ்டிக்க விரும்பும் ரசிகர், கடையில் கண்ட அழகிய பொம்மைக் காரை ரயிலருகே நிறுத்தியவுடன் காட்சி முழுதும் பொய்த்துப்போவதை உணர்வார். காரணம் என்ன?

பரவலாக வழங்கும் ‘எச்.ஓ.’ மாதிரி ரயில், மெய்ப்பொருளில் 87-இல் ஒரு பங்கு. கையடக்கப் பொம்மைக் கார்களோ பெரும்பாலும் 64-இல் ஒரு பங்கை ஒட்டியவை. சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் கார், முதற்கணக்கில் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கும், இரண்டாவதில் 6.7 ஆகிவிடும். நீளத்தில் அற்பமாய்த் தோன்றும் இவ்வித்தியாசம், அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்து பெருகுவதால், கன அளவில் இரண்டரை மடங்காகிறது. கண் ஏமாற மறுப்பது இதனாலேதான்.

இதனினும் விஷமமானது ஒன்றுண்டு: ஒரே அளவுப் பெட்டியில் அடங்கவேண்டுமென்று லாரியைக் குறுக்கியும் காரைப் பெருக்கியும் வார்க்கும் வழக்கத்தால், ஒரே வரிசைப் பொம்மைகளுக்குள்ளேயே பிரமாணம் மாறும். ஆகவே அட்டையை நம்பாமல் அளவுகோலை நம்புவதே விவேகம். மெய்வாகனத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி, பொம்மையின் நீளத்தால் வகுக்க, 87-க்கு அருகே விடை வந்தால் வாங்கலாம். 76 வந்தாலும், என் அபிப்பிராயத்தில், தள்ளவேண்டியதில்லை. பார்ப்பவருக்கு அண்மையில் அதை நிறுத்தி, சிறியவற்றைத் தொலைவில் வைத்தால், அண்மைப்பொருள் பெரிதாய்த் தோன்றும் இயற்கை விதியே குறையை மறைத்துவிடும்.

வாகனங்கள் மட்டுமல்ல, தண்டவாளமும் இங்கு குற்றமற்றதன்று: 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள நமது அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டர் வேண்டியிருக்க, கடையில் கிடைப்பதோ ஐரோப்பியப் பாதைக்குரிய 16.5 மட்டுமே.