பழைய கைப்பேசியும் வெளிச்செல்லும் அஞ்சலும்

சென்ற தணிக்கையின்போது நெசவாளர் சங்கம் ஒன்றில் தறிகள் பல நூலின்றி நிற்கக் கண்டோம். காரணம் வினவியபோது, "நூல் தேவைப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிப் பதினைந்து நாட்களாயின, பதில் இல்லை" என்றார் காரியதரிசி. அவருடைய பழைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். பட்டியல் புறப்படவே இல்லை. அனுப்புவதற்காகக் காத்திருக்கும் கடிதங்களின் பெட்டியிலேயே கிடந்தது. பிறருடைய கடிதங்கள் நாள்தோறும் தவறாது வந்துகொண்டிருந்தமையால் அவருக்கு ஐயம் எழவில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். சங்கக் கணக்கில் வரவும் பற்றும் தனித்தனியே இருப்பது போல, மின்னஞ்சலிலும் இரு வழிகள் உள. கடிதம் வருவது 'போப்' அல்லது 'ஐமேப்' என்னும் முறையால். செல்வது 1982-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற 'எஸ்.எம்.டி.பி.' என்னும் முறையால். ஒன்று செவ்வனே நடைபெறுவது கொண்டு மற்றதும் நடைபெறுகிறதெனக் கொள்ளலாகாது.

வெளிச்செல்லும் அஞ்சலுக்குரிய அமைப்பில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சர்வரின் பெயர். அஞ்சல் சேவை தருவோர் அறிவித்துள்ளபடி எழுத்துப் பிழையின்றி இடவேண்டும்.

இரண்டாவது, போர்ட் எண். பழைய கைப்பேசிகள் பல தாமாகவே 25 என்று வைத்துக்கொள்ளும். அது சர்வர்கள் தமக்குள் அஞ்சல் மாற்றிக்கொள்ளும் வாயில். வேண்டாத அஞ்சல்கள் பெருகியதால் இணைய நிறுவனங்கள் பல அதை அடைத்துவிட்டன. ஆகவே 587 என்று இட்டு, பாதுகாப்பை 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்று அமைக்க. அல்லது 465 என்று இட்டு, 'எஸ்.எஸ்.எல்.' அல்லது 'டி.எல்.எஸ்.' என்று அமைக்க. இரண்டையும் கலந்தால் அஞ்சல் செல்லாது.

மூன்றாவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும். வெளிச்செல்லும் பகுதியில் இவை வெறுமையாக விடப்பட்டிருக்கலாம். மின்னஞ்சல் முகவரியை முழுமையாகவே பெயராக இடுவது பெரும்பாலும் பொருந்தும். ஜிமெயில் வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு: 2022 மே 30 முதல், பழைய செயலிகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் இட்டு நுழையும் வசதி நிறுத்தப்படலாயிற்று. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கெனத் தரப்படும் 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் பெற்று இடவேண்டும்.

நான்காவது, தேதி. மின்கலத்தைக் கழற்றி மாட்டியபின் கைப்பேசி பல்லாண்டு முந்திய தேதியைக் காட்டுமானால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும்.

இவை யாவும் சரியாக இருந்தும் அஞ்சல் செல்லவில்லையெனில், கருவியின் பழமையே காரணமாகலாம். டி.எல்.எஸ். முறையின் 1.0, 1.1 பதிப்புகள் வழக்கொழிந்தவையென 2021 மார்ச்சில் அறிவிக்கப்பெற்றன. சர்வர்கள் பல அவற்றை ஏற்பதில்லை. அந்நிலையில் பாதுகாப்பை நீக்கிவிட்டு அனுப்ப முயலற்க. கடவுச்சொல் வழியிலேயே வெளிப்பட்டுவிடக்கூடும். வேறு கருவியை நாடுவதே முறை.

மேற்சொன்ன சங்கத்தில் போர்ட் எண்ணையும் கடவுச்சொல்லையும் திருத்தியதும் பட்டியல் சென்றுவிட்டது. ஆனால் நெசவாளர் இழந்த பதினைந்து நாட் கூலியை எவரால் மீட்டுத்தர இயலும்? ஆதலின் அமைப்பை மாற்றியவுடன் தம் முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பிச் சோதிக்க. 'அனுப்பியவை' பெட்டியில் கடிதத்தைக் கண்ணால் கண்ட பின்னரே அனுப்புகைப் பதிவேட்டில் எழுதுக. இதனை ஒவ்வொரு சங்கமும் வழக்கமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.