வெளிநாட்டு வேலையா? பணம் கட்டும் முன் போனில் பாருங்க!

காத்திவாக்கம், எண்ணூர் பக்கத்திலிருந்து வெல்டர், ஃபிட்டர் வேலைக்கு வளைகுடா போகப் போறீங்களா? "விசா ரெடி, பணம் கட்டுங்க" என்று ஏஜென்ட் சொன்னதும் கட்டிவிடாதீர்கள். முதலில் செல்போனில் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தைத் திறந்து, அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, உரிமம் இல்லாத முகவர் ஆள் எடுப்பது குற்றம். சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, கூடவே ஜி.எஸ்.டி. ரசீது கேட்டு வாங்குங்க.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகை. அவர்கள் சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். "டூரிஸ்ட் விசாவில் போய் மாத்திக்கலாம்" என்றால் நம்பாதீங்க. சம்பளம் வராவிட்டால் காட்டிக் கேட்கக் கையில் ஒப்பந்தமே இருக்காது.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்யலாம்.