கட்டை மாறினாலும் விரல் மாறாது

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) தவில் வாசித்த காலத்தில்தான் காவிரிக்கரை நாகசுரத்தின் சுருதி இறங்கியது. நாலு கட்டைச் சுருதிக்கும் மேலே ஒலித்த குட்டையான திமிரி நாகசுரம் மெல்லப் பின்வாங்கியது. நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளமான பாரி நாகசுரத்தைக் கடைந்து கொடுத்தார். இரண்டு, இரண்டரைக் கட்டை வழக்கமாயிற்று. ஆனால் கட்டை வேறான இரண்டு நாகசுரங்களை அடுத்தடுத்து எடுத்தாலும் வித்வான் ஸட்ஜத்துக்குப் புதிதாக விரல் தேட வேண்டியதில்லை. விரல் ஒன்று, ஒலி வேறு.

கணினியில் ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதுகிறவர்களைப் பாடாய்ப் படுத்தும் விஷயம் இதுவேதான். கிளாரினெட்காரர் தாளில் ஸி பார்த்து ஊதினால் வெளியே வருவது பி ஃபிளாட். ஆல்டோ சாக்ஸபோனில் அதே ஸி, ஈ ஃபிளாட்டாக ஒலிக்கும். அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன் குடும்பத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல உருப்படிகள் உண்டு. ஒன்றைப் பழகியவர் மற்றொன்றையும் அதே விரலில் வாசிக்கட்டும் என்றுதான் ஒலிக்கும் சுரத்தை விட்டு விரலுக்குரிய சுரத்தைத் தாளில் எழுதுகிறார்கள். இவற்றுக்கு டிரான்ஸ்போஸிங் வாத்தியங்கள் என்று பெயர்.

நீடாமங்கலத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நாகசுரத்தோடு பேண்டு செட்டையும் சேர்த்து ஒரு உருப்படி அமைப்பதாக வைத்துக்கொள்வோம். நாகசுரம் இரண்டரைக் கட்டை. ஒரு கட்டை ஸி என்றால் இரண்டரை ஈ ஃபிளாட். கீபோர்டுக்காரர் தாளில் ஸட்ஜம் ஈ ஃபிளாட்டில் நிற்கும். கிளாரினெட் தாளில் எஃப். ஆல்டோ சாக்ஸபோன் தாளில் வெறும் ஸி. மூவரும் ஒரே ஸட்ஜத்தைத்தான் வாசிக்கப்போகிறார்கள், தாள்கள் மூன்றும் மூன்று விதம்.

மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ போன்ற மென்பொருள்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தூரத்தை அவை குறித்துவைத்திருக்கும். ‘கான்சர்ட் பிட்ச்’ என்ற பார்வையில் எல்லாம் ஒலிக்கும் சுருதியிலேயே தெரியும். அதை அணைத்தால் அவரவர் ஊத வேண்டியபடி தெரியும். பார்வைதான் மாறுகிறது, இசை மாறுவதில்லை. ‘டிரான்ஸ்போஸ்’ என்ற கட்டளையோ பாட்டையே வேறு சுருதிக்கு நகர்த்திவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை. கிளாரினெட் தாள் தப்பாகத் தெரிகிறதே என்று சுரங்களைக் கையால் நகர்த்தினால், ஏற்கெனவே சரியாக இருந்ததன்மேல் இரண்டாம் முறை தூரம் ஏறும்.

அந்தத் தூரத்தை அரைச்சுரக் கணக்கில் மட்டும் சொன்னால் போதாது. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவம் இரண்டு எண்களைக் கேட்கிறது: எத்தனை எழுத்து, எத்தனை அரைச்சுரம். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஓர் எழுத்து, இரண்டு அரைச்சுரம் கீழே. ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஐந்து எழுத்து, ஒன்பது அரைச்சுரம் கீழே. மாயாமாளவகௌளையை எடுத்துக்கொண்டால் காரணம் புரியும். கிளாரினெட் தாளில் ஸட்ஜம் எஃப் என்றால் சுத்த ரிஷபம் ஜி ஃபிளாட்டாக நிற்க வேண்டும். அரைச்சுரம் மட்டும் எண்ணினால் அது எஃப் ஷார்ப்பாகவும் வரக்கூடும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் வாசிப்பவர் கண்ணுக்கு ரிஷபம் ஸட்ஜத்தின் இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ராகம் அறிந்தவருக்கு அது எழுத்துப்பிழை.

நாகசுரத்தையும் மென்பொருளில் டிரான்ஸ்போஸிங் வாத்தியமாகவே அமைக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஸட்ஜத்தை எப்போதும் ஸியில் எழுதிவிட்டு, கட்டையை வாத்தியத்தின் அமைப்பில் குறித்தால் போதும்: இரண்டு கட்டைக்கு ஓர் எழுத்து, இரண்டு அரைச்சுரம் மேலே, இரண்டரைக்கு இரண்டு எழுத்து, மூன்று அரைச்சுரம் மேலே. ஸ்தாயியை மட்டும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது சங்கராபரணம் எந்தக் கட்டையிலும் ஷார்ப், ஃபிளாட் இல்லாமல் இருக்கும். கல்யாணியில் மத்திமம் மட்டும் ஷார்ப். ஸரிகம பயின்ற மாணவருக்கு ஐந்து கோடு இப்படித்தான் எளிதில் பழகும். ஆதார ஸட்ஜத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் நம் முறையின் நியாயம் அந்தத் தாளில் அப்படியே இருக்கும். ஒலிக்கும் சுருதியிலேயே எழுதிக்கொடுத்தால், இரண்டரைக் கட்டையில் அந்த மாணவர் ஸட்ஜத்திலேயே ஒரு ஃபிளாட்டைப் பார்த்து மிரளுவார்.

தவிலுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். சுரமில்லாத தாள வாத்தியமாக அதற்குத் தனி வரி ஒதுக்கலாம்; எந்தச் சுருதிக்கு மாற்றினாலும் அந்த வரி நகராது.

கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது மிடியாக அனுப்பினால் ஒலிக்கும் சுரம் மட்டுமே போய்ச்சேரும், எந்த வாத்தியத்தின் எழுத்து என்ற விவரம் தொலையும். மியூசிக்எக்ஸ்எம்எல் எழுதிய சுரத்தையும் தூரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். தாள்களை அச்சிடுமுன் கான்சர்ட் பிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் ஸட்ஜம் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: கிளாரினெட்டில் எஃப், சாக்ஸபோனிலும் நாகசுரத்திலும் ஸி என்று இருந்தால் இரண்டரைக் கட்டைக்குத் தாள் தயார்.